வழக்குக் கட்டும் வக்கீலின் பெயரும்

வக்கீல் மேல் கட்சிக்காரர் பிராது கொடுத்தால், விசாரணைக் குழுவின் மேசைக்கு முதலில் வந்து சேர்வது அந்தக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுதான். சொத்துத் தகராறோ, விவாகரத்தோ, கடன் வழக்கோ, வீட்டாரிடம்கூடச் சொல்லாததை அவர் வக்கீலிடம் சொல்லியிருப்பார். கடிதங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, வக்கீல் ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். வக்கீல் தவறினாரா என்று பார்க்க அந்தக் கட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் மூன்று பேருடைய விஷயங்கள் ஒன்றாக வெளியே விழுகின்றன: குற்றம் சாட்டப்பட்ட வக்கீலின் பெயர், முறையிட்டவரின் அந்தரங்கம், இருவருக்கும் சம்பந்தமில்லாமல் கட்டில் இடம்பெற்றுவிட்ட மூன்றாம் மனிதரின் கதை. நான்காவதாக ஒருவர் வாசலில் நிற்கிறார். நாளை இதே வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்கப் போகிறவர் அவர்.

இந்த விசாரணையைக் கதவைத் திறந்து வைத்து நடத்துவதா, அடைத்து நடத்துவதா என்பதைச் சட்டத்துறையினர் நடைமுறை விதி சார்ந்த கேள்வியாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். அதன் அடியில் கிடப்பது மிகப் பழைய அறக் கேள்வி. இன்னொருவரின் குற்றத்தை ஊரறியச் சொல்வது எப்போது கடமை, எப்போது பாவம்?

திறந்த நீதிமன்றம் என்ற கொள்கைக்கு ஆங்கிலச் சட்டம் இன்றும் எடுத்துக்காட்டுவது ஸ்காட் எதிர் ஸ்காட் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை 1913-இல் வழங்கிய தீர்ப்பு. தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. கணவரின் ஆண்மைக் குறைவே காரணமாகச் சொல்லப்பட்டதால், நாகரிகம் கருதி அடைத்த அறையில் விசாரணை நடந்தது. அந்தப் பெண் வென்றார். பிறகு தன் பெயரைக் காத்துக்கொள்ள, சாட்சியத்தின் சுருக்கெழுத்துப் படியைத் தன் சொலிசிட்டர் வழியாக வாங்கி, மாமனாருக்கும் நாத்தனாருக்கும் இன்னொருவருக்கும் அனுப்பிவைத்தார். மூன்றே படிகள். அதற்காக அவரும் சொலிசிட்டரும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று கீழ் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. கூச்சம், அவமானம், கேட்கச் சங்கடம் என்பவையெல்லாம் கதவை அடைக்கக் காரணமாகா என்றது. விதிவிலக்காக அது ஏற்றவை மிகச் சில: நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள சிறார், மனநலம் குன்றியோர், தொழில் ரகசியம். முதல் இரண்டில் நீதிமன்றம் காப்பாளராக இருக்கிறது. மூன்றாவதில் எதைக் காப்பாற்ற வழக்குப் போட்டாரோ, அதுவே பகிரங்க விசாரணையில் அழிந்துவிடும்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இது: மானத்தைக் காக்க அடைத்த கதவு, வென்ற பெண்ணின் வாயையே அடைத்தது. வக்கீல்கள் மீதான விசாரணையிலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வக்கீல் மேல் புகார் கொடுத்தவர் அதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்றொரு விதி இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றமே 2005-இல் அதை நீக்கியது. யாருடைய அந்தரங்கம் காக்கப்படுகிறது என்று கேட்காமல் ரகசியம் பேணினால், அது பெரும்பாலும் வலுத்தவர் பக்கமே போய்ச் சேரும்.

பகிரங்கத்தை ஆதரித்த தத்துவவாதிகள் இருவர் இருவேறு வழியில் அங்கே வந்தார்கள். ஜெரமி பெந்தமுக்கு அது கண்காணிப்பு: தீர்ப்பளிக்கிறவர் தாமும் பார்க்கப்படுகிறார் என்று அறிந்தால்தான் ஒழுங்காக இருப்பார். இம்மானுவேல் காண்ட் 1795-இல் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய நூலில் அதை நியாயத்தின் உரைகல்லாகவே வைத்தார்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொல்ல முடியாது என்றால், அந்தச் செயலில் அநீதி இருக்கிறது. பெந்தமின் வாதம் விசாரிக்கிறவரை நோக்கியது. காண்டின் வாதம் விசாரணை முறையையே நோக்கியது. ஒரு வக்கீலை மூன்று வக்கீல்கள் விசாரிக்கும் இடத்தில் இரண்டும் சரியாகப் பொருந்தும்.

எதிர்வாதம் எளிதானதன்று. ஒழுங்கு விசாரணை என்பது வழக்கே அல்ல, அது ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கண்டிப்பது போன்றது என்பார்கள். துறவற சங்கங்கள் இதை வக்கீல்களுக்கு வெகுகாலம் முன்பே யோசித்துவிட்டன. தேரவாத பௌத்தத்தின் துறவு ஒழுங்குத் தொகுப்பான விநயத்தில் பாசித்திய விதிகள் 92. அவற்றில் 9-ஆவது, ஒரு பிக்கு செய்த கடும் குற்றத்தை இன்னொரு பிக்கு துறவு பூணாதவரிடம் சொல்வதையே குற்றமாக்குகிறது. சங்கத்தின் ஒப்புதல் இருந்தால் மட்டும் சொல்லலாம். 64-ஆவது விதி அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: சக பிக்குவின் கடும் குற்றத்தை அறிந்தே மறைப்பதும் குற்றம். வெளியே சொல்லாதே, உள்ளே மறைக்காதே என்று இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பார் கவுன்சில்காரர்கள் முதல் விதியை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். சங்கம் கொடுக்கும் ஒப்புதலிலும் அளவு உண்டு. எந்தக் குற்றங்களைச் சொல்லலாம், எந்தெந்தக் குடும்பங்களிடம் சொல்லலாம் என்று அதை வரையறுக்க முடியும்.

ஒருமுறை சங்கம் ஊருக்கே அறிவித்தது. சங்கத்தைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்ற தேவதத்தனைப் பற்றி, இனி அவன் செய்வதும் பேசுவதும் அவனுடையவை மட்டுமே, புத்தரோ தம்மமோ சங்கமோ அதற்குப் பொறுப்பில்லை என்று ராஜகிருகத்தில் பறைசாற்ற முடிவானது. அறிவிக்கும் பொறுப்பு புத்தரின் சீடர் சாரிபுத்தருக்கு வந்தது. அவர் தயங்கினார். இதே ஊரில் இதே தேவதத்தனை அவர் முன்பு புகழ்ந்து பேசியிருந்தார். அன்று புகழ்ந்தது உண்மை என்றால் இன்று அறிவிப்பதும் அப்படியே உண்மையாக இருக்கட்டும் என்பதே புத்தரின் பதில். சாரிபுத்தர் போய்ச் சொன்னார். கேட்டவர்களில் நம்பிக்கை இல்லாதவர்கள், தேவதத்தனுக்குக் கிடைக்கும் மரியாதை பொறுக்காமல் இவர்கள் பொறாமையில் பேசுகிறார்கள் என்றார்கள். விநயத்தின் பகுதியான சுள்ளவக்கம் இதையும் மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. முன்பு சான்று கொடுத்தவருக்கே பின்னால் எச்சரிக்கும் கடமையும் உண்டு என்ற இந்த நியாயம், சன்னது கொடுத்துப் பட்டியலில் பெயர் ஏற்றும் எந்தத் தொழில் அமைப்புக்கும் செல்லும். ஊர் நம்பியது அந்தச் சான்றை வைத்துத்தான்.

இஸ்லாமிய மரபில் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. இல்லாதவரைப் பற்றி அவர் வெறுப்பதைப் பேசுவது புறம். அது கடும் பாவம். ஆனால் ஹதீஸ் அறிவிப்பாளர்களில் யார் நம்பத்தக்கவர், யார் மறதிக்காரர், யார் பொய்யர் என்று சொல்லாமல் நபிமொழியைக் காப்பாற்ற முடியாது. இறந்தவர்களையும் இருப்பவர்களையும் பெயர் சொல்லிக் குறை எழுதுவது புறம் பேசுவதாகாதா என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது. 875-இல் காலமான இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹ் நூலின் முன்னுரையில் இதற்குப் பதில் சொன்னார்: பலவீனமான அறிவிப்பாளரின் குறையை அறிந்தும் சொல்லாமல் விடுகிறவர், அவரை நம்பி ஏமாறும் மக்களுக்குத் துரோகம் செய்கிறார். பின்னாளில் இமாம் நவவீ, புறம் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், மக்களை எச்சரிப்பதும் அவற்றில் உண்டு. இதோடு நிற்காமல் ஓர் அளவுகோலும் உருவானது: ஒரு குறையைச் சொன்னாலே எச்சரிக்கை நிறைவேறும் என்றால் இரண்டாவதைச் சொல்லக் கூடாது. அறிவிப்பாளரின் நினைவாற்றல் மோசம் என்று எழுதலாம். அவர் வீட்டு விவகாரம் அங்கே தேவையில்லை. திறந்த விசாரணைக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே கோடு போட இதைவிடத் தெளிவான வழி இன்றைய சட்ட நூல்களிலும் எளிதில் கிடைக்காது.

பகிரங்கமாக ஒருவரை அவமானப்படுத்துவது அவர் இரத்தத்தைச் சிந்துவதற்கு ஒப்பு என்று யூதர்களின் தால்முத் எச்சரிப்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் கெட்ட வக்கீலுக்குத் தொழில் இல்லை; புகார் பொய் என்று பிறகு தெரிந்தாலும் போன கட்சிக்காரர் திரும்ப வருவதில்லை. இது கற்பனையான அச்சமன்று.

இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே விசாரணை பகிரங்கமாக நடப்பதே விதி. கட்சிகளுக்கோ சாட்சிக்கோ பாதிக்கப்படும் வேறு யாருக்குமோ விதிவிலக்கான துன்பம் அல்லது விதிவிலக்கான பாதகம் நேரும் என்று காட்டினால் கதவை அடைக்கலாம். ‘விதிவிலக்கான’ என்ற சொல்தான் அங்கே காவலாளி. சங்கடம் எல்லோருக்கும் உண்டு, அது போதாது. இதற்குப் பின்னால் நிற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான போல்டன் வழக்கு. தனி ஒரு சொலிசிட்டரின் வாழ்வைவிட அந்தத் தொழில் முழுவதன் நற்பெயர் பெரிது என்று நீதிபதி சர் தாமஸ் பிங்கம் அதில் சொன்னார். ராஜகிருகத்தில் சாரிபுத்தர் செய்ததன் தர்க்கமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் தொழிலின் நற்பெயர் என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. அதே நற்பெயரைச் சொல்லித்தான் கதவையும் அடைப்பார்கள். பகிரங்கத்தைத் தொழிலின் பெயரில் நியாயப்படுத்துவதைவிட, வாசலில் நிற்கும் அந்த நான்காம் மனிதரின் பெயரில் நியாயப்படுத்துவது மேல்.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றால் பெயரை மறைக்கலாமா? ஒரு சொலிசிட்டரை விடுவித்த தீர்ப்பாயம் அவர் பெயரை வெளியிடாமல் வைத்தது. ஒழுங்குமுறை அமைப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. உயர் நீதிமன்றம் 2016-இல் அந்த மறைப்பை நீக்கியது. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானவரின் பெயரும் தீர்ப்பில் இருக்கத்தான் செய்கிறது. விடுவிக்கப்பட்டவர்களின் பெயரை மட்டும் மறைத்துக்கொண்டே போனால், எந்தெந்த வக்கீலை எந்தெந்தக் காரணத்தால் விடுவிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெந்தம் அஞ்சிய இடம் இது. விசாரிக்கிறவர் சக வக்கீலாக இருக்கும்போது அந்த அச்சம் இரட்டிப்பாகும்.

இன்னொரு பழக்கம், தீர்ப்புகளில் மனிதர்களை எழுத்துகளாக்குவது. ‘கட்சிக்காரர் அ’, ‘நபர் இ’, ‘நிறுவனம் உ’ என்று ஒரு தீர்ப்பில் பத்துப் பதினைந்து பேர் நடமாடினால் யார் யாருக்கு என்ன செய்தார் என்று பிடிபடுவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். 2022-இல் இங்கிலாந்து நீதிபதி கெர் ஒரு மேல்முறையீட்டில் இதைக் கடிந்துகொண்டார். பிறர் தவறில் சிக்கிக்கொண்ட நிரபராதிகளின் பெயரைச் சொல்லத் தீர்ப்பாயங்கள் கூசக் கூடாது, திறந்த நீதிக்கு அது ஒரு விலை என்பது அவர் கருத்து. அலுவலக சகாக்களையும் நிறுவனங்களையும் பொறுத்தவரை இது சரி. கட்சிக்காரரைப் பொறுத்தவரை சரியென்று தோன்றவில்லை. அவர் தம் ரகசியத்தை வக்கீலிடம் கொடுத்தபோது, வக்கீல் தவறினால் அது ஊருக்குப் போகும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுக்கவில்லை. ஸ்காட் தீர்ப்பின் தொழில் ரகசிய விதிவிலக்கு இங்கே நியாயமாகப் பொருந்தும்: எதைக் காக்கத் தவறினார் என்று வக்கீலை விசாரிக்கிறார்களோ, அதையே விசாரணை வெளியே கொட்டக் கூடாது. பிராது கொடுத்தால் தன் குடும்பக் கதை நாளிதழில் வரும் என்று தெரிந்தால், பிராதே வராது.

உடல்நலம், குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவை வக்கீலுக்கும் உண்டு. கனடா உச்ச நீதிமன்றம் 2021-இல் ஷெர்மன் குடும்ப வழக்கில், வெறும் சங்கடத்துக்கும் ஒருவரின் கண்ணியத்தையே குலைக்கும் வெளிப்பாட்டுக்கும் வேறுபாடு காட்டியது. வக்கீலின் மருத்துவக் குறிப்பு இரண்டாவது வகை. வழக்கை நடத்தாமல் விட்டார் என்பது முதல் வகை. முன்னதை மூடி வைத்துப் பின்னதைத் திறந்து விசாரிப்பதில் பெரிய சிரமம் ஏதுமில்லை.

எந்தக் கட்டத்தில் கதவைத் திறப்பது என்பதில்தான் உண்மையான சிரமம். மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் ஒரு படிவரிசை சொல்கிறது: முதலில் தனியாகக் கண்டி, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அமெரிக்கர்கள் இதைச் சட்டமாக்கப் பட்டபாடு பெரிது. 1970-இல் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி டாம் கிளார்க் தலைமையிலான குழு, வக்கீல்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை வெட்கக்கேடான நிலையில் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. இருபதாண்டு கழித்து இன்னொரு ஆணையம், புகார் வந்த நாள் முதலே எல்லாவற்றையும் பகிரங்கமாக்கலாம் என்றது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1992-இல் அதை ஏற்கவில்லை. குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டு என்று முடிவான பிறகு திறந்தால் போதும் என்றது. ஓரிகான் மாநிலமோ தொடக்கத்திலேயே திறந்து வைக்கும் வழியில் நடக்கிறது. முகாந்திரம் என்ற வாசற்படியே நியாயமான இடமாகத் தோன்றுகிறது. தோற்ற கட்சிக்காரர் கோபத்தில் எழுதும் பிராது ஏராளம். அவற்றை வடிகட்டும் முன்பே பெயரை ஏற்றினால் தால்முத் சொன்ன இரத்தம் வீணாகச் சிந்தும். வடிகட்டிய பிறகும் மறைத்தால் இமாம் முஸ்லிம் சொன்ன துரோகம் நடக்கும்.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. மூன்று பேர் குழு: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், மூன்றாமவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் மூத்த வக்கீல். வக்கீல் அல்லாத ஒருவருக்கு அங்கே நாற்காலி இல்லை. பிராதைத் தள்ளலாம், கண்டிக்கலாம், இடைநீக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை அடிக்கலாம். அங்கிருந்து 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. விளைவு விசித்திரமானது. மாநிலக் குழுவில் வாயை மூடிக்கொண்டு கண்டனத்தை வாங்கிப் போகிறவரை அக்கம்பக்கத்துக் கட்சிக்காரருக்கும் தெரியாது. டெல்லி வரை போராடியவர் பெயர் சட்ட அறிக்கைகளில் என்றென்றைக்கும் நிற்கும். தவறின் கனத்துக்கும் பெயர் வெளிவருவதற்கும் அங்கே தொடர்பே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு அப்படித்தான் நிலைத்தது. காது கேளாத முதியவர் ஒருவர் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளை வசூலிக்க வக்கீலிடம் கொடுத்தார். வழக்கே தாக்கலாகவில்லை, நடந்துகொண்டிருப்பதாகவே அவர் நம்பவைக்கப்பட்டார். மாநில பார் கவுன்சில் 6 ஆண்டு இடைநீக்கம் செய்தது, இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், தண்டனைக் காலத்தில் சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்ற கோணத்தில் யோசித்து, அந்த வக்கீல் ஓராண்டு இலவச சட்ட உதவிப் பணி செய்யட்டும் என்றார். பகிரங்கத்தின் இன்னொரு முகம் இது. தவறு ஊரறிய நடந்த விசாரணையில் நிரூபணமானது. ஈடும் ஊர் பார்க்கும் இடத்திலேயே செய்யப்பட வேண்டியதாயிற்று. குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் எழுதிய நூலில், முத்திரை குத்தி ஒதுக்கும் வெட்கத்தையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வெட்கத்தையும் பிரித்துக் காட்டினார். அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே இந்தியத் தீர்ப்பொன்று அதைச் செய்து பார்த்துவிட்டது.

இணையம் வந்த பிறகு திரும்பச் சேர்ப்பது கடினமாகிவிட்டது. முன்பு சட்ட அறிக்கைத் தொகுதி நூலகத்தில் தூசு படியும். இன்று பெயரைத் தட்டினால் இருபது ஆண்டுக்கு முந்திய கண்டனமும் முதலில் வந்து நிற்கும். குற்றவியல் வழக்கில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். 2024-இல் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மூன்று ஆண்டில் மூன்று விடை. வக்கீல்களைப் பொறுத்தவரை விடை சற்றே எளிது. பட்டியலில் பெயர் இருக்கும்வரை, கடுந்தவறு பற்றிய பதிவும் உடன் இருக்கட்டும். சிறு கண்டனம் சில ஆண்டுகளில் காலாவதியாகட்டும். தொழிலை விட்டு விலகியவரின் பெயரைத் தேடுபொறியிலிருந்து எடுத்துவிடலாம். இனி அவரை நம்பி ஏமாற யாரும் இல்லை.

கண்டிக்கப்பட்ட, இடைநீக்கப்பட்ட ஒவ்வொரு வக்கீலின் பெயருக்கு எதிரேயும் அந்தத் தண்டனையைப் பட்டியலில் எழுத வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதை எழுதப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வக்காலத்தில் கையெழுத்திடப் போகிறவர் அந்த ஒரு வரியை எளிதில் பார்க்க வழி செய்தால் போதும். கட்சிக்காரரின் கட்டு கட்டியபடியே இருக்கலாம்.